பனியன் கம்பெனி யாருக்கு? விவாகரத்தில் தொழிலைப் பிரிக்கும் வழிகள்

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 17 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். புருஷனும் மனைவியும் பங்குதாரர்களாக இருக்கும் பனியன் கம்பெனிகள் எங்கள் ஃபைல்களில் ஏராளம். புருஷன் சரக்கு வாங்கும் பையரையும் புரடக்‌ஷனையும் பார்ப்பார். அந்தம்மா பில், வாரச் சம்பளம், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாவற்றையும் பார்ப்பார். கல்யாணம் முறியும்போது இருவரும் முதலில் வக்கீலிடம் போகிறார்கள். எங்களிடம் வரும்போது பெரும்பாலும் தொகை பேசி முடிந்திருக்கும். பேசிய தொகை தப்பு என்று அப்போது சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். "சட்டப்படி பாதி வந்துடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வராது. கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தை விவாகரத்தில் சரிபாதியாகப் பிரிக்கும் சட்டம் நம் நாட்டில் கோவா, டாமன்-டையூ பகுதிகளில் மட்டும்தான் இருக்கிறது, போர்ச்சுகீசியர் விட்டுப்போன சிவில் சட்டத்தின் வழியாக. மனைவிக்குக் கணவர் சொத்தில் பங்கு தரும் திருத்த மசோதா ஒன்று 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலேயே அடுத்த ஆண்டு காலாவதியானது. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த சீர்ப்பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறது. 25ஆம் பிரிவு ஜீவனாம்சம் தரும், தொழிலில் பங்கு தராது. ஆக, கம்பெனி யாருடையது என்ற கேள்விக்கு விடை பார்ட்னர்ஷிப் டீடிலும் (கூட்டு ஒப்பந்தப் பத்திரம்) பங்குச் சான்றிதழிலும் பேங்க் கடன் சாங்ஷன் லெட்டரிலும்தான் இருக்கிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு தந்தது. கணவர் சவுதியில் வேலை பார்த்தார், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்தார். அவருடைய வீட்டு உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் ஒரு பங்களிப்புதான், அதனால் அவருக்குச் சம உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னார். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று மனசு நிறைந்தது. ஆனால் அது குறிப்பிட்ட சில சொத்துகளைப் பற்றிய உரிமை வழக்கு. விவாகரத்தில் கம்பெனியைப் பாதியாகப் பிரிக்கும் உத்தரவாக அதை எடுத்துக்கொண்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டாம்.

சரி, எந்த வழியில் பிரிப்பது? வழிகளைப் பேசுமுன் விலையைப் பேச வேண்டும். எல்லா வழிகளும் வழுக்கும் இடம் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி. அந்தம்மா ஒன்றைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். கணவர் பேலன்ஸ் ஷீட்டை நீட்டி, "முதல் இருபது லட்சமுங்க, ஆளுக்குப் பாதி. பத்து குடுத்தர்றேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் எல்லாம் வருஷா வருஷம் 15 சதவீதத் தேய்மானம் கழித்து 14 லட்சத்தில் நின்றன. அதே மெஷின்களைப் பழைய மெஷின் வியாபாரியிடம் காட்டினால் 24 லட்சம். சரக்கு 18 லட்சம், வரவேண்டிய பாக்கி 30 லட்சம். துணிக்கும் ஜாப் ஒர்க்குக்கும் தரவேண்டியது 18 லட்சம், பேங்க் சிசி (தொழில் நடத்த வாங்கும் ஓட்டக் கடன்) 24 லட்சம். கூட்டிக் கழித்தால் நிஜமான முதல் 30 லட்சம். பாதி என்றால் 15.

அதுவும் முடிவல்ல. கம்பெனியின் ஆண்டு லாபம் 15 லட்சம். இருவரும் சம்பளம் எடுத்ததில்லை. அவர் வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் மாதம் 45,000, அந்தம்மா வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் 25,000 என்று வைத்தோம். வருஷத்துக்கு 8.4 லட்சம். போட்ட முதலுக்கு 10 சதவீத வட்டி 3 லட்சம். இரண்டும் போக மிஞ்சும் 3.6 லட்சம்தான் கம்பெனியின் பெயருக்காக வருகிற லாபம். மூன்று வருஷத்துக்குக் கணக்கிட்டால் குட்வில் 10.8 லட்சம். மொத்தம் 40.8, பாதி 20.4 லட்சம். ஒரே கம்பெனி, ஒரே பாதி, ஆனால் 10 என்றும் சொல்லலாம், 15 என்றும் சொல்லலாம், 20.4 என்றும் சொல்லலாம். எதை எடுப்பது என்று பேசாமல் "பாதிக்கு ஒத்துக்கறேன்" என்று கையெழுத்துப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது போல.

"அவ சும்மா கணக்கு தானுங்க எழுதுனா" என்றார் அவர். அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையில் இருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். எந்த பையர் எத்தனை நாளில் பணம் போடுவார், எந்த கான்ட்ராக்டருக்கு எவ்வளவு அட்வான்ஸ், எந்த வாரம் சம்பளத்துக்குக் கை கடிக்கும் என்று ஒன்பது வருஷம் பென்சிலில் எழுதியது. நடுவே ஒரு பக்கத்தில் "வளையல் 4, ஆரம் 1, பேட்லாக்குக்கு" என்று தேதியோடு இருந்தது. அடகு ரசீதும் பின் குத்தி இருந்தது.

அந்த ஒரு வரி முக்கியம். மனைவியின் நகை சீதனம். அது அவருக்கு மட்டுமே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. இக்கட்டுக்குக் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று 2024 ஏப்ரலில் கேரள வழக்கு ஒன்றில் மறுபடி உறுதி செய்து, 89 பவுனுக்குப் பதிலாக 25 லட்சம் தரச் சொன்னது. நகை விற்ற பணம் கம்பெனிப் புத்தகத்தில் மனைவி கொடுத்த கடனாக ஏறியிருந்தால் இன்னும் நல்லது. பங்குதாரர் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, கம்பெனியைக் கலைக்கும்போது வெளிக்கடன் முதலில், பங்குதாரர் கொடுத்த கடன் அடுத்து, அதற்கப்புறம்தான் மூலதனம், மிச்சம் இருந்தால் லாபப் பங்கு. எங்கள் ஊரில் நகைப் பணம் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் மெஷினாக மாறிவிடுகிறது. இதைப் படிக்கும் எந்தப் பெண்ணும், கல்யாணம் நன்றாக இருக்கும்போதே, இந்த ஒன்றையாவது புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

இனி வழிகள்.

அதிகம் பேர் எடுப்பது, ஒருவர் கம்பெனியை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுத்து அனுப்புவது. பெரும்பாலான சின்ன கம்பெனிகளுக்கு இதுவே நல்லது என்பது என் முடிவு. ஆர்டர் நிற்காது, வேலையாட்கள் கலைய மாட்டார்கள். ஆனால் இதில் மூன்று பள்ளங்கள் உண்டு. ஒன்று, இருவர் மட்டுமே உள்ள பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் விலகினால் கம்பெனியே சட்டப்படி முடிந்துபோகிறது, ஒற்றை ஆள் பார்ட்னர்ஷிப் என்று ஒன்று கிடையாது. அப்புறம் புது பான், புது ஜிஎஸ்டி, ஏற்றுமதி செய்பவருக்குப் புது ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி எண்) எல்லாம் வேண்டும். சீசன் நடுவில் இது கழுத்தைப் பிடிக்கும். விலகும் முன்பே அம்மாவையோ அண்ணனையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்த்துவிட்டால் கம்பெனி அதே பானில் தொடரும். இரண்டு, வரி. விலகுபவரின் மூலதனக் கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால், அந்தக் கூடுதலுக்கு 2021இல் வந்த திருத்தத்தின்படி கம்பெனிதான் வரி கட்ட வேண்டும். மேலே சொன்ன 20.4 லட்சத்தில் 10.4 லட்சம் அப்படி வரும். எந்தப் பணம் கம்பெனி கணக்கில் இருந்து போகிறது, எது கணவர் சொந்தக் கணக்கில் இருந்து மொத்த ஜீவனாம்சமாகப் போகிறது என்பதை ஒப்பந்தம் எழுதுமுன் ஆடிட்டரோடு பேசுங்கள்.

மூன்றாவது தவணை. 20 லட்சத்தை மொத்தமாக எடுத்துக் கொடுக்கிற பனியன் கம்பெனி எத்தனை? தவணைதான் வரும். வெறும் வாக்குக்கும் போஸ்ட் டேட்டட் செக்குக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டையோ சைட்டையோ தவணை முடியும்வரை அடமானமாகப் பதிவு செய்து வாங்குங்கள். கணக்கு முடிக்காமலே இழுத்தடித்தால் பங்குதாரர் சட்டத்தின் 37ஆம் பிரிவு கைகொடுக்கும்: விலகியவரின் முதலை வைத்துக்கொண்டு தொழில் நடந்தால், அந்த முதலால் வந்த லாபத்தில் பங்கு, அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, எது வேண்டுமோ அவர் கேட்கலாம்.

பணத்துக்குப் பதில் வீட்டைக் கொடுப்பதும் இதே வழியின் இன்னொரு உருவம்தான். கம்பெனி அவருக்கு, வீடு அவளுக்கு. தவணைப் பயம் இல்லை என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் அந்த வீட்டுப் பத்திரம் சிசிக்காக பேங்கில் இருந்தால், நீங்கள் வாங்குவது அவருடைய கடனைச் சுமக்கும் வீடு. இன்னொன்று, நாள் பார்த்துச் செய்ய வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. விவாகரத்து ஆன பிறகு கிரயமாக எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும். 60 லட்சம் வீட்டுக்கு 50,000இல் முடிய வேண்டியது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஆகும், நாள் தவறியதற்காக.

கலைத்துவிடுவது இன்னொரு வழி. டீடில் காலம் குறிப்பிடாத பார்ட்னர்ஷிப் என்றால், 43ஆம் பிரிவுப்படி ஒருவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாலே கலைந்துவிடும். கோபத்தில் இருப்பவருக்கு இது இனிப்பாகத் தெரியும். விளைவைப் பாருங்கள்: பேங்க் சிசியை நிறுத்தும், துணிக்காரர் சரக்கை நிறுத்துவார், பாக்கி வைத்த பையர் "யாருக்குக் கொடுக்கறதுன்னு தெரியல" என்று பாக்கியை அமுக்குவார். மேலே சொன்ன கம்பெனியைக் கலைத்தால் குட்வில் 10.8 லட்சமும் அன்றே காற்றில் போகும், மெஷினும் அவசர விலைக்குப் போகும். இருவருக்குமே தொழிலில் மனசு இல்லை, கடன் முதலை மிஞ்சிவிட்டது என்றால் மட்டும் கலையுங்கள். நோட்டீஸை மிரட்டலாகப் பயன்படுத்துவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் முதலில் சம்பளம் இழப்பது செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்கள்.

இரண்டாகப் பிரிப்பதைப் பற்றி வக்கீல்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. இரண்டு கடை இருந்தால் ஆளுக்கொன்று. ஸ்டிச்சிங் ஒரு ஷெட்டிலும் செக்கிங், அயர்னிங், பேக்கிங் இன்னொரு ஷெட்டிலும் இருந்தால், பின்னது தனி ஜாப் ஒர்க் யூனிட்டாக நிற்கும். தொழில் தெரிந்த பெண்ணுக்குப் பணத்தைவிட இது பெரிது. பத்து லட்சத்தை டெபாசிட் போட்டு வட்டி வாங்குவது வேறு, வாரா வாரம் தன் கையால் சம்பளம் போடுவது வேறு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 36ஆம் பிரிவுப்படி விலகிய பங்குதாரர் போட்டித் தொழில் நடத்தலாம், ஆனால் பழைய கம்பெனியின் பெயரைப் பயன்படுத்தவோ அதன் வாடிக்கையாளர்களை அழைக்கவோ முடியாது, டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. எனவே எந்த பையர் யாருக்கு, பிராண்ட் பெயர் யாருக்கு, பழைய செல்போன் நம்பர் யாருக்கு என்று பெயர் பெயராக எழுதுங்கள். செல்போன் நம்பரைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஆர்டர் எல்லாம் அதில்தான் வருகிறது.

விவாகரத்துக்குப் பின்னும் சேர்ந்தே நடத்துவது என்று சிலர் வருவார்கள். பிள்ளைகளுக்காக என்பார்கள். அவர்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பங்குதாரர் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி கம்பெனிக் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுமைக்கும் பொறுப்பு. நம்பிக்கை போன ஒருவரின் கையெழுத்துக்கு உங்கள் வீட்டைப் பணயம் வைக்கிற ஏற்பாடு அது. ஒரு வருஷத்துக்கு மட்டும், ஓடும் ஆர்டர் முடியும்வரை, தேதி போட்டு என்றால் சரி.

கோர்ட்டில் மோதித் தீர்ப்பது கடைசி. சொத்து வழக்கையும் குடும்ப நீதிமன்றமே விசாரிக்கலாம், 1984ஆம் வருஷச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வரவு, சொத்து, கடன் எல்லாம் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. கணக்கை மறைக்கும் கணவருக்கு எதிராக அது நல்ல ஆயுதம். பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப் என்றாலும் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் வழக்குப் போடலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பனியன் கம்பெனியோ ஒரு சீசன் தவறினாலே படுத்துவிடும். தீர்ப்பு வரும்போது பிரிக்க ஷெட் வாடகை பாக்கிதான் இருக்கும். மறைப்பவரிடமும் அடிப்பவரிடமும் பேச்சுவார்த்தை என்று உட்காரச் சொல்லவும் மாட்டேன், அங்கே கோர்ட்தான் வழி.

பிரைவேட் லிமிடெட் என்றால் கதை வேறு. கம்பெனி தனி ஆள், பிரிவது பங்குகள்தான். ஒரு சதவீதப் பங்கும் டைரக்டர் பட்டமும் வைத்திருக்கும் மனைவிக்கு அந்தப் பங்கை வெளியில் வாங்க ஆள் கிடைக்காது. ஆனால் தன்னை நசுக்குகிறார்கள் என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு 241ஆம் பிரிவில் போகலாம்; அதற்கு 10 சதவீதப் பங்கு வேண்டும், அல்லது மொத்தப் பங்குதாரர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்காவது சேர்ந்து போக வேண்டும், பத்துப் பேருக்கு மிகாத கம்பெனியில் ஒருவரே போதும். பங்கை இனாமாக மாற்றுவதாக இருந்தால் விவாகரத்துக்கு முன் மாற்றுங்கள். அதன் பிறகு அவர் வருமான வரிச் சட்டத்தில் உறவினர் அல்ல, வாங்கியவருக்கு வரி விழும்.

மனைவி பெயரில் தனி உரிமையாளர் கம்பெனி, நடத்துவது கணவர். இதுவும் நிறைய. பெண்கள் பெயரில் போட்டால் பிஎம்இஜிபி (மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டம்) மானியம் கூட, கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25. பிரியும்போது கம்பெனி சட்டப்படி அவளுடையது. கடனும் ஜிஎஸ்டி பாக்கியும் அவளுடையதுதான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், விட்டாப் போதும்" என்று வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று வருஷம் கழித்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததை என் கையால் பிரித்துப் படித்தேன்.

அதனால்தான் வருபவர்களிடம் எத்தனை லட்சம் என்பதற்கு முன் பேங்க் பேப்பரைக் கேட்கிறேன். கம்பெனிக் கடனுக்கு நீங்கள் போட்ட ஜாமீனை, விவாகரத்து ஆர்டரைக் காட்டினால் பேங்க் விடாது. கணவனும் மனைவியும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது பேங்கைக் கட்டுப்படுத்தாது. பேங்க் வேறு ஜாமீனோ வேறு சொத்தோ வாங்கிக்கொண்டு, எழுத்தில் விடுவித்தால்தான் விடுதலை. அதோடு பார்ட்னர்ஷிப்பில் இருந்து விலகியதைப் பதிவாளருக்கும் அரசிதழிலும் ஒரு தமிழ்ப் பேப்பரிலும் பொது அறிவிப்பாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை, விலகிய பின் மற்றவர் வாங்கும் கடனுக்கும் உங்களைக் கேட்பார்கள்.

நோட்டு வைத்திருந்த அந்தம்மா கடைசியில் இரண்டு வழிகளைக் கலந்து எடுத்தார். செக்கிங், அயர்னிங் யூனிட் அவருக்கு, 8 லட்சம் மதிப்பு. நகைக் கடன் தனியாகத் திரும்ப வந்தது. மீதி 12.4 லட்சம் தவணையில், கணவரின் சைட் மேல் பதிவு செய்த அடமானத்தோடு. மாமியார் மூன்றாவது பங்குதாரராகச் சேர்ந்தார், அதன் பிறகு இவர் விலகினார். பரஸ்பர சம்மத மனுவில் முதல் கையெழுத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஆறு மாதம். நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கணவர் தரப்பு அதைக் கேட்கப் பார்த்தது. நான் வேண்டாம் என்றேன். இரண்டாவது கையெழுத்து வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அந்தம்மா கையில் இருந்த பிடி அது ஒன்றுதான்.

ஜாமீனை விட பேங்க் ஐந்து மாதம் இழுத்தது. மேனேஜர் மாறினார், ஃபைல் ரீஜினல் ஆபீஸுக்குப் போய் வந்தது. வாரம் ஒரு தடவை அந்தம்மா போன் பண்ணுவார், "வந்துச்சாங்க அண்ணா?" என்று. லெட்டர் வந்த அன்று எங்கள் அலுவலகத்துக்கே வந்து வாங்கினார். தன் பெயரும் "ஜாமீனில் இருந்து விடுவிக்கப்படுகிறார்" என்ற வரியும் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்தார். நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.